குப்பைக்கும் ஒரு விகிதம் உண்டு!



மெக்கானிக்கல் பிரிவு மாணவனுக்குக் குப்பையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். போன வருடம் யாராவது இப்படிக் கட்டுரை எழுதியிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பேன். ஆனால் ஒரு பிளாஸ்டிக் டிரம் எங்கள் குடும்பத்தை வாடகை வீட்டை விட்டே கிளப்பப் பார்த்தது. அதில் நான் கற்ற பாடம்தான் இது.

நாங்கள் இருப்பது போத்தனூர் பக்கம், லைன் வீடு. பல ஆண்டுகளாகக் கோவை மாநகரக் குப்பை கொட்டப்பட்டு வந்த வெள்ளலூர் கிடங்கு எங்களுக்கு அதிக தூரமில்லை. 2024 ஏப்ரலில் அங்கே தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது. 'நம்ம வீட்டுக் குப்பையாவது அங்கே போகக்கூடாது' என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. பொடக்காளியில் நாலு கத்தரிச் செடியும் வெண்டையும் வைத்திருந்தோம். அதற்கு உரமும் ஆச்சு என்று ஒரு டிரம் வாங்கி, சமையலறைக் கழிவு முழுவதையும் அதில் போட்டு, நாற்றம் வராமலிருக்க இறுக்கி மூடினேன்.

மூன்றே வாரம்! மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். வெள்ளை வெள்ளையாகப் புழு நெளிந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஐந்து மாதக் கர்ப்பிணி. பாவம், சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது. வீட்டுக்காரர் வந்து, "ஒரு வாரத்துல இதை எடுக்கலைன்னா வீட்டைக் காலி பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா என்னைத் திட்டவில்லை. பேசாமல் இருந்தார். அதுதான் அதிகம் வலித்தது.

அந்த ஞாயிறு காங்கேயத்திலிருந்து அம்மாயி வந்தார்கள். டிரம்மை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

"ஏன் கண்ணு, நீ எரு போட்டிருக்கறயா, சாராய ஊறல் போட்டிருக்கறயா? சருகெல்லாம் எங்க சாமி?"

"அதைக் கூட்டித் தினமும் எரிச்சுப் போடறமுங்க அம்மாயி."

"சருகை எரிச்சுப்போட்டா எரு எங்கிருந்து வரும்? எங்க எருக்குழியில சாணியோட சோளத்தட்டு, வேப்பஞ்சருகு, அடுப்புச் சாம்பல் எல்லாமே உழுகும். பச்சையும் காய்ஞ்சதும் சேரோணும் கண்ணு."

அம்மாயி ஒரு வரியில் சொன்னதைப் புத்தகத்தில் தேடினேன். நமக்குப் பழகிய கணக்குதான்! பெட்ரோல் எஞ்சினில் 1 பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும் அல்லவா? குப்பையை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கும் அப்படி ஒரு விகிதம் உண்டு. கார்பன் அவற்றுக்கு எரிபொருள். நைட்ரஜன் உடம்பு வளர்க்கும் புரதம். 1 பங்கு நைட்ரஜனுக்குச் சுமார் 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் வேலை சீராக நடக்கும். காய்கறிக் கழிவில் நைட்ரஜனும் தண்ணீரும் அதிகம். காய்ந்த சருகில் கார்பன் அதிகம். என் டிரம்மில் சருகும் இல்லை, காற்றும் இல்லை. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் பெருகி ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைக் கிளப்பின. அழுகிய முட்டை வாடை அதுதான்.

இந்த விஷயத்தில் நம் நாட்டுக்குத் தனிப் பெருமை உண்டு. ஆல்பர்ட் ஹோவார்டு என்ற ஆங்கில விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ந்து 'இந்தூர் முறை'யை வகுத்தார். பச்சை, காய்ந்தது, சாணம் என்று அடுக்கி, அவ்வப்போது புரட்டிவிடும் முறை அது. 1931-ல் யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து அதை நூலாகவும் வெளியிட்டார். நம் கோவை வேளாண் பல்கலைக்கழகமோ, பொள்ளாச்சிப் பக்கம் மலையாய்க் குவியும் தென்னை நார்க்கழிவை, சிப்பிக் காளானும் யூரியாவும் சேர்த்து மக்க வைக்கும் முறையைக் கொடுத்தது. நார்க்கழிவில் 112:1 ஆக இருக்கும் விகிதம், மக்கிய பின் 24:1 ஆகக் குறைகிறது.

இனி செய்முறை:

1. டிரம்மின் அடியிலும் பக்கங்களிலும் துளை போடுங்கள். அடியில் குச்சியும் தேங்காய் மட்டையும் பரப்புங்கள். காற்று போகும், நீர் வடியும்.

2. ஒரு வாளி காய்கறிக் கழிவுக்கு இரண்டு வாளி சருகு. மேலடுக்கு எப்போதும் சருகாகவே இருக்கட்டும், ஈ மொய்க்காது.

3. கொஞ்சம் சாணிக் கரைசலோ, பழைய மக்கு உரமோ தெளியுங்கள். இது உறை மோர் மாதிரி.

4. ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு வந்தால் ஈரம் சரி. ஒழுகினால் சருகு சேருங்கள். உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். ஆடிக் காற்றில் நம்மூரில் சீக்கிரம் காய்ந்துவிடும், கவனம்!

5. வாரம் ஒருமுறை கிளறுங்கள்.

6. கறி, மீன், எண்ணெய்ப் பண்டம், பூத்த பார்த்தீனியம் வேண்டாம்.

சுமார் மூன்று மாதத்தில் கறுத்து, பாதிக்கு மேல் வற்றி, மழை பெய்த மண் வாசம் வரும். அதுவரை பொறுங்கள். அரைகுறையாக மக்கியதைப் போட்டால் அது செடியின் நைட்ரஜனையே இழுத்துக்கொள்ளும், இலை மஞ்சளாகிவிடும். சித்திரையில் தொடங்கினால் ஆடிப் பட்டத்துக்கு உரம் தயார்.

நானும் அம்மாயியும் அன்றைக்கே டிரம்மைக் கவிழ்த்து, துளை போட்டு, சருகு கலந்து அடுக்கினோம். நாலே நாளில் நாற்றம் அடங்கியது. வீட்டுக்காரர் வந்து மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. போன மாதம் எங்கள் கத்தரிக்காயைக் கொடுக்கப் போனபோது, "தம்பி, ரோஜாத் தொட்டிக்கு அந்த எரு ரெண்டு கை கொடுப்பியா?" என்று கேட்டார். அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நண்பர்களே, நம் ஒர்க்‌ஷாப் பின்புறம் தினமும் சருகு எரிகிறது. விடுதிச் சமையலறைக் கழிவு வண்டி ஏறிப் போகிறது. ஒன்றை எரிக்கிறோம், இன்னொன்றை எறிகிறோம், சேர்த்தால் உரம்! வெல்டிங் தெரிந்தவர்கள் கம்பி வலையில் ஒரு கூண்டு அடித்துக் கொடுங்கள். புரட்டும் வேலைக்கு நான் வருகிறேன்.