பிரான்சு நாட்டின் இரு சுற்றுத் தேர்தல்

பிரான்சு நாட்டின் அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். முதற்சுற்றில் பதிவான செல்லத்தக்க வாக்குகளுள் பாதிக்குமேல் எவரும் பெறாவிடில், முதலிரு இடங்களைப் பெற்றோர் மட்டும் இரண்டு வாரங்களுக்குப் பின் மீண்டும் போட்டியிடுவர்.

2002ஆம் ஆண்டில் பதினாறு வேட்பாளர்கள் போட்டியிட்டனர். ஏப்ரல் 21இல் சிராக் 19.88 விழுக்காடும், தீவிர வலதுசாரியான லெ பென் 16.86 விழுக்காடும் பெற்றனர். பிரதமர் ஜோஸ்பின் பெற்றதோ 16.18. இடதுசாரி வாக்குகள் பலரிடையே சிதறின. வாக்காளருள் கால்பங்கினருக்கு மேல் வாக்களிக்கவே இல்லை. எனவே அவர் இரண்டாம் சுற்றுக்குச் செல்ல இயலவில்லை.

மே 5இல் ஜோஸ்பினின் ஆதரவாளர் பலரும் லெ பென்னைத் தடுக்கவே சிராக்குக்கு வாக்களித்தனர். அவர் 82 விழுக்காடு பெற்று வென்றார்.

பெற்றோர்களே! பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று முதல் வாய்ப்பை நழுவவிட்டால், நாம் விரும்பியவர் அடுத்த சுற்றில் இல்லாமற் போகலாம். வாக்குரிமையை உரிய நாளில் தவறாது செலுத்துவோமாக!