எழுதாத பக்கங்களில் மட்டும் கோடு

மன்னார்குடி,
ஜனவரி 19.

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. நானும் பெரியம்மாவும் நலம். பொங்கலுக்கு வந்தவள் கரும்பைக்கூட முழுசாகக் கடிக்காமல் மொட்டை மாடியிலேயே உட்கார்ந்திருந்தாய். நேற்று போனில், "அரையாண்டுல கணக்கு 61தான் பெரியப்பா. நான் அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். போனில் சொன்னால் நீ "சரி, சரி" என்பாய். அதனால்தான் கடிதம்.

நீ கேள்வித்தாளின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவள். நான் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இந்தப் பக்கம் உட்கார்ந்து ப்ளஸ் டூ பேப்பர் திருத்தியவன். இங்கிருந்து என்ன தெரியும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஏப்ரல் வெயில். ஏதோ ஒரு பள்ளியின் வகுப்பறை. மேலே மின்விசிறி சுற்றும், காற்று வராது. காலையில் பன்னிரண்டு பேப்பர், மதியம் பன்னிரண்டு. பேரும் பதிவெண்ணும் இருந்த மேல்பகுதியை எங்களிடம் வருமுன்பே கிழித்து எடுத்திருப்பார்கள். யார் பெற்ற பிள்ளை, எந்த ஊர், ராத்திரி எத்தனை மணி வரை கண் விழித்தது, முந்தின நாள் காய்ச்சலா, எதுவும் எங்களுக்குத் தெரியாது. கையில் விடைக்குறிப்பு இருக்கும். எந்த வரிக்கு எத்தனை மார்க் என்று அதில் போட்டிருக்கும். அந்த வரி தாளில் இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் மார்க், இல்லையென்றால் இல்லை. பாவம் பார்த்துப் போடவும் முடியாது, கோபத்தில் குறைக்கவும் முடியாது. முதன்மைத் தேர்வாளர் பின்னால் இருந்து பார்ப்பார்.

ஆக, அங்கே திருத்தப்படுவது ஒரு தாள். நீ அங்கே இல்லவே இல்லை. இதை நீ இரண்டு விதமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

முதலாவது, தாளைச் சரிசெய்யலாம். பொங்கலன்று உன் அரையாண்டு விடைத்தாளை நீ மேஜையில் வைத்துவிட்டுப் போனாய் அல்லவா? எடுத்துப் பார்த்தேன். பழைய புத்தி, பென்சிலும் எடுத்தேன். 90க்கு 61 என்றால் போனது 29. அது எங்கெங்கே போனது என்று கணக்குப் போட்டேன்.

ஒரு மார்க் வினாக்களில் மூன்றுக்கு (அ), (இ) என்று எழுத்தை மட்டும் எழுதியிருக்கிறாய். குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேள்வித்தாளின் தலையிலேயே அச்சடித்திருக்கிறது. மூன்று மார்க் போயிற்று. இரண்டு மார்க் பகுதியில் 21 முதல் 30 வரை ஏழு எழுத வேண்டும். 30 கட்டாய வினா. நீ ஏழு எழுதினாய், 30ஐ விட்டுவிட்டாய். ஏழில் ஆறுதான் செல்லும். மூன்று மார்க் பகுதியில் 40க்கும் அதே கதை. இப்படி ஐந்து. கடைசி ஐந்து மார்க் கணக்கை "டைம் இல்லை" என்று தொடவே இல்லை. அது வெக்டர் கணக்கு, உனக்குத் தெரிந்ததுதான். படம் வரைந்து, சூத்திரம் எழுதி, முதல் படியைப் போட்டிருந்தாலே பாதி மார்க் வந்திருக்கும். படிக்குப் படி மார்க் உண்டு என்பதை மறந்துவிட்டாய்.

மூன்றும் ஐந்தும் ஐந்தும் பதின்மூன்று. தெரியாமல் போனது பதினாறுதான். இந்தப் பதினாறுக்குப் படிக்க வேண்டும், அது உழைப்பு. அந்தப் பதின்மூன்றுக்குப் படிக்கவே வேண்டாம், கவனித்தால் போதும். பொறியியலுக்குக் கட் ஆஃப் போடும்போது கணக்கு மார்க் நூறும் அப்படியே சேரும். இயற்பியலும் வேதியியலும் பாதியாகிச் சேரும். உன் கணக்குத் தாளின் அந்தப் பதின்மூன்றை இயற்பியலில் ஈடுகட்ட இருபத்தாறு மார்க் வேண்டும்.

இன்றிலிருந்து திருப்புதல் தேர்வு ஒவ்வொன்றையும் இப்படிப் பிரித்துப் பார். ஒரு பக்கம் "தெரியாதது", இன்னொரு பக்கம் "தெரிந்தும் போனது". மொத்த மார்க்கை யாரிடமும் சொல்ல வேண்டாம், என்னிடம்கூட.

இரண்டாவது விஷயத்துக்கு ஒரு பேப்பரின் கதை சொல்ல வேண்டும்.

1200க்கு மொத்தம் போட்ட காலம் அது. கணக்குக்கு 200; அதில் பத்து மார்க் வினாக்கள் உண்டு. நியூட்டனின் குளிர்வு விதியில் பாடப்புத்தகத்தில் இருந்த பழைய காப்பிக் கணக்கு. 100 டிகிரி காப்பியை 15 டிகிரி அறையில் வைக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் 60 ஆகிறது. மேலும் ஐந்து நிமிடம் போனால் எவ்வளவு? ஒரு பிள்ளை சமன்பாடு அமைத்து, தொகையிட்டு, மாறிலி கண்டு, அழகாக 38.82 என்று முடித்திருந்தது. அதுதான் விடை. ஆனால் அந்தப் பக்கத்தின் மேல் மூலைக்கு மூலை ஒரு கோடு. அடுத்த பக்கத்தில், முதல் ஐந்து நிமிடத்தில் நாற்பது குறைந்ததால் அடுத்த ஐந்திலும் நாற்பது குறையும், விடை 20 என்று எழுதியிருந்தது. காப்பி ஆற ஆற, ஆறும் வேகமும் குறையும் என்பதுதான் அந்தப் பாடமே. பயத்தில் அது மறந்துவிட்டது. அடித்த விடைக்கு மார்க் கிடையாது. நான் முதன்மைத் தேர்வாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவரும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அந்தப் பிள்ளை ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. இன்றைக்கும் காப்பி ஆறிப்போனால் அந்தக் கோடு ஞாபகத்துக்கு வரும்.

"நான் அவ்வளவுதான்" என்று நீ போனில் சொன்னதும் அந்த மாதிரி ஒரு கோடுதான், கண்ணம்மா. 61 என்பது ஒரு தாளுக்கு ஒரு நாள் விழுந்த எண். அதை வைத்து உன் மேல் மூலைக்கு மூலை கோடு போட்டுக்கொள்ள உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

எண்ணையே அப்படி நம்பாதே. ப்ளஸ் டூ வந்து முதல் தடவை பொதுத்தேர்வு நடந்தது 1980இல். எழுதியவர்களில் நானும் ஒருவன். பிறகு 1984இல் தொழிற்படிப்புக்கு நுழைவுத்தேர்வு வந்தது. 2007இல் அது போய், ப்ளஸ் டூ மார்க்கே போதும் என்றார்கள். 2017இல் மருத்துவத்துக்கு நீட் வந்தது. அதே ஆண்டு மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள். 1200 இருந்தது 600 ஆயிற்று. ஒரே கட் ஆஃப் வாங்கியவர்களை எப்படிப் பிரித்தும் பிரிக்க முடியாவிட்டால், கடைசியில் கம்ப்யூட்டர் கொடுக்கும் ரேண்டம் எண்தான் யார் முன்னே என்று சொல்கிறது. என் ஒரு ஆயுளுக்குள் அளவுகோல் இத்தனை தடவை மாறியிருக்கிறது. அதைக் கொண்டு ஒரு சீட்டை நிரப்பலாம். மனுஷியை அளக்க முடியாது.

எனக்குப் பொறியியல் கிடைக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். எல்லாம் நல்லதுக்குத்தான் என்று பொய் சொல்ல மாட்டேன். பி.எஸ்ஸி. கணிதத்தில் சேர்ந்தபோது வலித்தது. சில வருஷம் வலித்தது. பிறகு ஒரு நாள் வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, அந்த வலி போய்விட்டதைக் கவனித்தேன். எப்போது போனது என்று தெரியவில்லை.

மார்ச்சில் நினைத்தபடி வராவிட்டாலும் வழி இருக்கிறது. விடைத்தாள் நகல் வாங்கலாம், மறுகூட்டலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் போடலாம், ஒரு பாடம் போனால் அதே கோடையில் துணைத்தேர்வு எழுதலாம். ரிசல்ட் அன்று தனியாக உட்கார்ந்து பார்க்காதே. இங்கே வா, சேர்ந்து பார்ப்போம். அப்பா ஏதாவது சொன்னால் அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவன் ப்ளஸ் டூ கணக்கு மார்க் என்னிடம் இருக்கிறது.

பரீட்சையன்று முதல் பத்து நிமிஷம் கேள்வித்தாளைப் படிக்கத்தான். அப்போதே 30ஐயும் 40ஐயும் பார்த்துவிடு. சந்தேகம் வந்தால் விடையை அடிக்காதே. வேறு வழியில் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய். மூன்று மணி நேரம் முடிந்து, எல்லாம் எழுதியான பிறகு, மிச்சமிருக்கும் வெற்றுப் பக்கங்களில் குறுக்கே கோடு போடச் சொல்வார்கள். அங்கே மட்டும் போடு.

பெரியம்மா முறுக்கு கொடுத்து அனுப்புகிறாள். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் விழித்திருக்காதே.

அன்புடன்,
பெரியப்பா