ஒற்றைத் தடமும் சாட்சித் தட்டும்

எல்லவிலிருந்து தெமோதரை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை ஒற்றைத் தடமாகும். எதிரெதிராக இரு வண்டிகள் அதனுட் புகின் விளைவு யாதெனக் கூறவேண்டுவதில்லை. 1874 இல் இங்கிலாந்தின் தோர்ப் என்னுமிடத்தில் தந்திச் செய்தி பிறழ்ந்தமையால் அவ்வாறே நிகழ்ந்து இருபதின் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே எட்வர்ட் டயர் என்பார் 1878 இல் ‘டேப்லட்’ கருவியை ஆக்கினார். இரு நிலையங்களிலுமுள்ள கருவிகள் மின்கம்பியாற் பிணைக்கப்பட்டவை. ஒரு பொழுதில் ஒரு வில்லையே வெளிவரும். அதனைப் பெற்ற சாரதியே தடத்தினுட் புகலாம். 1924 இல் பதுளையை எட்டிய நம் மலைநாட்டுப் பாதையும் நெடுங்காலம் இம்முறையைக் கைக்கொண்டது.

கணினிச் சேவையகக் கொத்துகளிலும் இதே இடர் உண்டு. ஒரு தோட்டத்தின் செக்ரோல் கணக்கை இரு சேவையகங்கள் காக்கின்றன என்க. இடையிலுள்ள இணைப்பு அறுந்தால், மற்றது மாண்டதா, தொடர்பு மட்டும் அற்றதா என்பதை ஒன்றாலும் அறியவியலாது. இரண்டும் தாமே தலைமை எனக் கொண்டு எழுதப் புகுந்தால், ஒரு தொழிலாளியின் நாட்சம்பளம் இருவேறாகப் பதிவாகும்.

இதனைத் தடுப்பதே கூட்ட நடப்பெண். நம் பாராளுமன்றத்தில் அது இருபது உறுப்பினர். பாதியினும் மிகக் குறைவு. அவை ஒன்றேயாதலின் அது போதும். பிளவுபடக்கூடிய கொத்துக்கோ பாதிக்கு மேற்பட்ட வாக்கு வேண்டும். ஏனெனில் இரு பிரிவினர் ஒருங்கே பெரும்பான்மை பெறுதல் இயலாது.

இரண்டு வாக்குகளின் பெரும்பான்மையும் இரண்டே. ஒன்று வீழ்ந்தால் மற்றதும் நின்றுவிடும். ஆகவே இரண்டும் அணுகத்தக்க சிறு சேமிப்புத் தட்டுக்கு மூன்றாம் வாக்கு அளிப்பர். அதனை முதலிற் கைப்பற்றிய சேவையகம் இரண்டு வாக்குப் பெற்று இயங்கும், மற்றது ஒதுங்கும். டிஜிற்றல் நிறுவனத்தின் வாக்ஸ் கொத்துகள் 1980களிலேயே இம்முறையைக் கையாண்டன.

அமைப்போர் மனங்கொள்ள வேண்டியவை சில. விண்டோஸ் சேவையகக் கொத்தில் இத்தட்டு 512 மெகாபைற்றுக்குக் குறையலாகாது. வேறு தரவு எதனையும் அதில் வைத்தலும் கூடாது. ஒரு சேவையகத்தின் மின்வழியிலேயே தட்டையும் பொருத்தினால், அம்மின் நின்றதும் இரு வாக்குகள் ஒருங்கே இழக்கப்படும். நலமாயுள்ள மற்றதும் முடங்கும். சேவையகங்கள் எல்லவிலும் பண்டாரவளையிலுமாகப் பிரிந்திருப்பின், சாட்சி இரண்டிடத்தும் இராது பதுளை போன்ற மூன்றாமிடத்திற் கோப்புப் பகிர்வாக இருத்தலே சிறப்பு.

பெரும்பான்மை இழந்த சேவையகம் வாளாவிருத்தல் பழுதன்று. வில்லை பெறாத வண்டி நிலையத்திற் காத்திருப்பது போல அது காவலேயாகும். தாமதித்த கணக்கை மறுநாள் முடிக்கலாம். இருவேறாய்ப் பதிந்த கணக்கில் எது மெய்யெனத் துணிதல் அரிது. அத்துணிவின்மையின் சுமை கொழுந்து பறித்தவர் தலையிலேயே விழும்.