அட்ரீனலில் சீழ்க்கட்டியா?

கேள்வி: கொழுந்து பறிக்கும் என் அம்மாவுக்கு மூன்று மாதமாக விட்டுவிட்டுக் காய்ச்சல். மெலிந்து, கறுத்தும் போனார். ஸ்கேன் அறிக்கையில் 'அட்ரீனல் சுரப்பியில் சீழ்க்கட்டி இருக்கலாம்' என்றிருக்கிறது. புற்றுநோயா டொக்டர்?
- வாசகி, ஹட்டன்

பதில்: இப்போதே முடிவு கட்டாதீர்கள், மகள். சிறுநீரகங்களின் உச்சியில் இருக்கும் இந்தச் சிறு சுரப்பிகளில் சீழ் பிடிப்பது வெகு அபூர்வம். சீ.டி. படத்தில் நடுப்பகுதி கறுத்திருக்கும். நரம்பில் மருந்து ஏற்றி எடுத்தால் ஓரம் மட்டும் வெள்ளை வளையமாகத் தெரியும். உள்ளே காற்றுக்குமிழியும் இருந்தால் சீழ் என்ற சந்தேகம் வலுக்கும். இல்லாவிட்டால்தான் தலைவலி: நடுவில் அழுகிய புற்றுக்கட்டியும் பழைய இரத்தக்கசிவும் அதே தோற்றம் காட்டும். ஆகவே ஊசியால் உறிஞ்சிப் பரிசோதிக்க வேண்டிவரலாம். அதற்கு முன், இரத்த அழுத்தத்தை எகிறவைக்கும் வேறொரு கட்டி இல்லையென்று இரத்தத்திலோ சிறுநீரிலோ பார்ப்பார்கள். தாமதம் என்று கோபிக்க வேண்டாம்.

என்னை உறுத்துவது அந்தக் கறுப்புத்தான். காசநோய் இச்சுரப்பிகளை, பெரும்பாலும் இரண்டையுமே, தாக்கும். படத்தில் சீழ்க்கட்டி போலவே தெரியும். சுரப்பிகள் செயலிழந்தால் உடல் கறுக்கும் என்று தாமஸ் அடிசன் என்ற ஆங்கில மருத்துவர் 1855இலேயே எழுதினார். அம்மாவின் ஈறுகளையும் உள்ளங்கை ரேகைகளையும் பாருங்கள். மலை வெயில் ஈறைக் கறுப்பாக்காது. எழும்பும்போது தலைசுற்று, உப்பில் ஆசை உண்டா?

காலையில், இச்சுரப்பிகள் சுரக்கும் கோர்ட்டிசோல் ஹோர்மோனின் அளவையும், சளியில் காசநோயையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். காசநோய் மருந்து அரசாங்க வைத்தியசாலையில் இலவசம். வாந்தியோ மயக்கமோ வந்தால் கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றே அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.