சுவரொட்டியில் தமிழ் எழுத்து

விடுதி அறிவிப்புப் பலகையைப் பாருங்கள், நண்பர்களே. ஆங்கில அறிவிப்புகள் கேப்பிட்டல் எழுத்தில் தலைப்பிட்டு நிமிர்ந்து நிற்கின்றன. தமிழில் 247 எழுத்துகள் இருந்தும் அவ்வசதி இல்லை. ஆகவே, வடிவமைப்பைப் புதிதாகப் பயில்வோர் ஆங்கிலச் சுவரொட்டியைப் படியெடுத்துப் பயனில்லை. எதை முதலில் படிக்க வேண்டும் என்பதை அளவாலும் தடிப்பாலும் வெற்றிடத்தாலுமே நாம் உணர்த்தியாக வேண்டும். புதிதாக வந்திறங்கிய முதலாண்டுத் தம்பியும் தங்கையும் பொங்கல் விழா எங்கே, எந்நாள் என்று அப்பலகையில்தானே தேடுவர்!

நம் சங்கச் சுவரொட்டிகளுக்கு நான் கொள்ளும் கணக்கு எளியது. செய்தி 24 பாயிண்டு எனில் தலைப்பு 72. சிறிதளவே கூட்டினால் அச்சுப்பிழையோ என்று தோன்றும். வரிக்கு வரி 36 பாயிண்டு விடுகிறேன். ஆங்கிலத்துக்கு 29 போதும். நமக்கோ கி, தீ மேலே ஏறும். பு, ழு கீழே இறங்கும். நெருக்கினால் மேல்வரியின் கால் கீழ்வரியின் தலையில் இடிக்கும். அழகுக்காக எழுத்துகளை விலக்குவதும் ஆகாது. சில மென்பொருள்களில் ‘கொடி’யின் கொம்பு ஒருபுறம், கால் மறுபுறம் போய்விடும்.

தாளில் ஓர் இனிய கணிதம் உண்டு. ஏ3 தாள் 297 × 420 மி.மீ. நீளவாட்டைப் பாதியாக மடித்தால், விகிதம் மாறாமல் ஏ4 கிடைக்கும். இரண்டின் வர்க்கமூலம் செய்யும் வேலை அது! சுவரொட்டியை ஏறத்தாழ 71 விழுக்காடாகச் சுருக்கினால் துண்டறிக்கை ஆயத்தம்.

ஒட்டுமுன் பத்தடி தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். சங்கத்தின் பெயர் மட்டும் தெரிந்து நாளும் இடமும் மங்கினால், திரும்ப அமையுங்கள்.