இலத்தீன் பூசையும் தாய்மொழித் திருப்பலியும்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

முன்னுரை

ஐரோப்பிய வரலாற்றில் திரெந்துப் பொதுச்சங்கத்தைப் (1545–1563) படித்தபோது ஒரு வினா என் உள்ளத்தில் எழுந்தது. கத்தோலிக்கருள் பழைய இலத்தீன் பூசையே வேண்டும் என்பாரும், தாய்மொழித் திருப்பலியே தகும் என்பாரும் இன்றும் வாதிடுவது ஏன்? இதனை வரலாற்று நோக்கில் ஆராய விரும்புகிறேன்.

பழைய முறை

அச்சங்கத்தின் விருப்பப்படி, போப்பாண்டவர் ஐந்தாம் பயஸ் 1570-இல் பூசை நூலை வெளியிட்டார். 200 ஆண்டுகளுக்கு மேல் வழக்கிலிருந்த முறைகளுக்கு மட்டும் விலக்களித்தார். குரு பெரும்பாலும் மக்களுக்கு முதுகு காட்டிப் பீடத்தை நோக்கி நிற்பார். முக்கிய மன்றாட்டை மெல்லிய குரலில் சொல்வார். அந்த அமைதியே பக்தியை வளர்த்தது என்பர் பழமையை விரும்புவோர்.

புதிய முறை

இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டுச் சீர்திருத்தச் சட்டத்தை 4-12-1963 அன்று ஏற்றது. ஆதரவு வாக்குகள் 2147, எதிர்ப்பு 4. ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. அச்சட்டம் இலத்தீனை அகற்றவில்லை. அதைக் காக்கவேண்டும் என்று கூறியே தாய்மொழிக்கு இடமளித்தது. குரு மக்களை நோக்கி நிற்கவேண்டும் என்றும் அதில் இல்லை. ஆறாம் பவுல் 1969-இல் புதிய முறையை அறிவித்தார். அதனையும் இலத்தீனில் நிறைவேற்றலாம். ஆதலின் இவ்விவாதம் மொழியைப் பற்றியது மட்டுமன்று.

எதிர்ப்பு

பலி என்னும் கருத்து புதிய முறையில் மங்குகிறது என்ற கண்டனத்தைக் கர்தினால் ஒத்தாவியானி 1969-இல் போப்பாண்டவரிடம் சேர்ப்பித்தார். பேராயர் லெபெவர் 1988-இல் அனுமதியின்றி நான்கு ஆயர்களைத் திருநிலைப்படுத்தியதால் சபைவிலக்கம் பெற்றார். இங்கிலாந்தில் எழுத்தாளரும் இசைவாணரும் பழைய பூசையைக் காக்க வேண்டினர்; கத்தோலிக்கரல்லாத அகதா கிறிஸ்டியும் கையெழுத்திட்டார். 1971-இல் அந்நாட்டிற்குச் சலுகை கிட்டியது. 2007-இல் பதினாறாம் பெனடிக்ட் பழைய முறைக்குப் பரந்த அனுமதி தந்தார். 2021-இல் பிரான்சிஸ் அதனைச் சுருக்கினார்.

முடிவுரை

உரோமைக் கிறித்தவர் முதலில் வழிபட்டது கிரேக்க மொழியில்தான். மக்களுக்கு அது விளங்காமற் போகவே, நான்காம் நூற்றாண்டளவில் இலத்தீன் அவ்விடத்தைப் பெற்றது. அன்று இலத்தீனே மக்கள் மொழி! ஆகவே, மக்களுக்கு விளங்கும் மொழியில் வழிபடுவது மரபுக்குப் பகையன்று. மரபின் ஒரு கூறே எனலாம். ஆயினும், ஏறத்தாழ 400 ஆண்டுகள் தம் முன்னோர் செபித்த முறையை நாடுவோரைப் பகைவராகக் கருதுதலும் நீதியன்று. புதியதற்கு முதலிடமும் பழையதற்கு ஓரிடமும் தருவதே அறிவுடைமை என்பது என் கருத்து.