பண்டிகைக் காலக் காய்ச்சலும் ஃப்ளூ ஊசியும்: மோதி பாக் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவில் தில்லி மோதி பாக் குவார்ட்டர்ஸில் எந்த வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருவர் இருமிக்கொண்டிருப்பார். "மௌசம் பதல் ரஹா ஹை" (பருவம் மாறுகிறது) என்பார் பக்கத்து வீட்டுக்காரர். "வைரல்தான்" என்பார்கள் டிஸ்பென்சரியில். "தலைக்குக் குளிச்சுட்டு ஈரத்தோட நின்னிருப்பே" என்பார் ஊரிலிருந்து அம்மா. ஃப்ளூ ஊசி என்று பேச்செடுத்தால் மட்டும் மூன்று பேரும் ஒரே குரலில், "அதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்பார்கள்.

மாற்றலாகி வந்து, தில்லியில் முதல் குளிர்காலத்தைப் பார்க்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்த ஊசி போட்டாலும் சளி பிடிக்கும், இருமல் வரும். வீட்டில் இருக்கும் பெரியவர்களும் குழந்தைகளும் நிமோனியாவில் போய்ப் படுக்காமல் இருப்பதற்காகப் போடுகிற ஊசி இது. இதைப் புரிந்துகொண்டால் யாருக்கு, எப்போது என்ற கேள்விகள் தானாகச் சுலபமாகிவிடும்.

படி 1: புகையா, சளியா, ஃப்ளூவா?

அக்டோபர் கடைசியில் வைக்கோல் எரிப்பும் பட்டாசும் அசையாத காற்றும் சேர்ந்து தில்லியைப் புகை மூடும். அதில் வரும் தொந்தரவில் தொண்டை அரிக்கும், கண் எரியும், காய்ச்சல் இருக்காது. சாதாரணச் சளி மெதுவாக வரும். மூக்கு ஒழுகும், ஆனாலும் ஆபீஸ் போய் வந்துவிடலாம்.

ஃப்ளூ அப்படியில்லை. காலையில் நன்றாக இருந்தவர் சாயங்காலம் 102 டிகிரியில் படுத்துவிடுவார். உடம்பு அடித்துப் போட்டாற்போல வலிக்கும், வறட்டு இருமல் குடையும். இந்திய மருத்துவச் சங்கம் 2023 மார்ச்சில், எச்3என்2 வகை ஃப்ளூ பரவிக்கொண்டிருந்தபோது சொன்ன கணக்கு இது: காய்ச்சல் மூன்று நாளில் இறங்கிவிடும், இருமல் மூன்று வாரம் வரை இழுக்கலாம்.

ஊசி தடுப்பது இந்த மூன்றாவதை மட்டும்தான். "ஊசி போட்டும் இருமல் வந்ததே" என்று குறைப்படுகிறவர்களில் பலருக்கு வந்தது முதல் இரண்டில் ஒன்று.

படி 2: சீசன் எப்போது?

ஃப்ளூ என்றால் குளிர்கால நோய் என்பது அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சரி. இந்தியாவில் இரண்டு உச்சங்கள் என்கிறது சுகாதார அமைச்சகம்: ஜனவரி முதல் மார்ச் வரை ஒன்று, மழைக்காலத்தை ஒட்டி இன்னொன்று. தில்லியில் ஜூலை முதல் செப்டம்பர் வரைதான் ஃப்ளூ அதிகம் தலைகாட்டுகிறது. சென்னையில் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில் ஏறுகிறது.

இதில் நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. தில்லியில் ஒரு சீசன் முடிந்த கையோடு, தீபாவளிக்கு ரயிலேறிச் சென்னையின் சீசனுக்குள் போய் இறங்குகிறோம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு, ஒரு முழுப் பகல். மூடிய ஏசி பெட்டியில் எதிர் பெர்த்காரர் இருமினால் எழுந்து எங்கே போவது?

படி 3: வீட்டில் முதலில் யாருக்கு?

எல்லோருக்கும் போட வசதியில்லை என்றால் இந்த வரிசையில் யோசியுங்கள்:

• 65 வயதைத் தாண்டியவர்கள்
• கர்ப்பிணிகள்
• ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைகள். இவர்களுக்கு ஆண்டுதோறும் போடச் சொல்கிறது இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர்கள் கழகம்
• சர்க்கரை, ஆஸ்துமா, இதயம், சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள்
• இவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள்

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த ஊசி கிடையாது. தாய் கர்ப்பத்தில் போட்டுக்கொண்டால் எதிர்ப்புச் சக்தி குழந்தைக்கும் போய்ச் சேரும். அதனால்தான் கர்ப்பிணிகளுக்கு மேலே இடம்.

முதல் தடவை போடும் ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ் வேண்டும். மற்றவர்களுக்கு ஆண்டுக்கு ஒன்று.

படி 4: எந்த மாதத்தில்?

தில்லியில் இருப்பவர்களுக்கு ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள், மழைக்கு முன்னால் போடுவது உத்தமம். தவறவிட்டால் செப்டம்பர் கடைசியோ அக்டோபர் தொடக்கமோ. ஊசி வேலை செய்யத் தொடங்கச் சுமார் இரண்டு வாரம் ஆகும். ஆகவே ரயில் டிக்கெட் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பெட்டி கட்டுகிற அன்றைக்குப் போட்டால் அந்தப் பயணத்துக்கு உதவாது.

படி 5: எங்கே, எதைப் பார்த்து வாங்குவது?

அரசின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் ஃப்ளூ ஊசி இல்லை. போலியோ சொட்டு மருந்து போலத் தேடி வந்து போடமாட்டார்கள். மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். கார்டு இருந்தால் முதலில் உங்கள் டிஸ்பென்சரியில் கேளுங்கள். இல்லையென்றால் குழந்தைகள் நல மருத்துவரின் கிளினிக், தனியார் மருத்துவமனை. அங்கே விலை பெரும்பாலும் ஆயிரம் ரூபாயைத் தாண்டும் என்பதால் போகும் முன் போனில் கேட்டுவிடுங்கள்.

ஊசியைப் போடும் முன் பெட்டியைக் கையில் வாங்கிப் பாருங்கள். எந்த ஆண்டுக்கான ஊசி என்று அதில் அச்சிட்டிருக்கும். கூடவே என்.எச். அல்லது எஸ்.எச். என்றும் இருக்கும், வட அரைக்கோளம், தென் அரைக்கோளம் என்று பொருள். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால், உலகச் சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் வடக்குக்கும் செப்டம்பரில் தெற்குக்கும் புதுப் பட்டியல் தருகிறது. நாம் இருப்பது வடக்கு என்றாலும் மழைக்கு முன் போடுகிறவர்களுக்கு அந்த ஆண்டின் எஸ்.எச். ஊசி பொருந்தும். நீங்கள் பார்க்க வேண்டியது ஆண்டு; போன வருஷச் சரக்காக இருக்கக்கூடாது.

ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் குளிரில் இருந்திருக்க வேண்டும். மே மாத வெயிலில் கெமிஸ்ட் கடையில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அலைவதைவிட, போடுகிற இடத்து ஃபிரிட்ஜிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள்.

படி 6: ஊசி போடும் நாள்

முன்பு ஏதாவது தடுப்பூசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்ததா, கில்லன் பாரே என்ற நரம்புப் பாதிப்பு இருந்ததா என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அன்றைக்குக் காய்ச்சல் அடித்தால் இறங்கிய பிறகு வருவதாகச் சொல்லலாம். போட்டபின் கால் மணி நேரமாவது அங்கேயே உட்காருங்கள். கை வலியும் லேசான ஜுரமும் ஓரிரு நாள் இருக்கலாம், பாராசிட்டமால் போதும். குளிக்கலாமா என்றால் குளிக்கலாம். பத்தியம் எதுவும் கிடையாது.

படி 7: அப்படியும் வந்துவிட்டால்

• ஓய்வு, தண்ணீர், கஞ்சி, பாராசிட்டமால். மிளகு ரசமும் கஷாயமும் தொண்டைக்கு இதம். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது.
• மேலே சொன்ன பட்டியலில் உள்ளவர் என்றால் முதல் 48 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள். ஓசல்டாமிவிர் மாத்திரை தேவையா என்று அவர் முடிவு செய்வார். சீக்கிரம் தொடங்கினால்தான் அதற்குப் பலன்.
• "ஒரு அசித்ரோ கொடுங்க" என்று நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். அது பாக்டீரியாவுக்கான மருந்து. வைரஸ் காய்ச்சலுக்கு அதை எழுதித்தர வேண்டாம் என்று மருத்துவச் சங்கமே 2023இல் தன் டாக்டர்களைக் கேட்டுக்கொண்டது.
• மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, உதடு நீலமாதல், குழப்பமான பேச்சு, குழந்தை பால் குடிக்க மறுத்தல்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். ரிங் ரோட்டைப் பிடித்தால் சஃப்தர்ஜங் மருத்துவமனையும் எய்ம்ஸும் பக்கம்தான்.
• காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் ஆகும்வரை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். மலை மந்திர் கோயில் கூட்டத்துக்கும் நீங்கள் போகாதீர்கள்.

அடிக்கடி காதில் விழும் பேச்சுகள்

"ஊசி போட்டால்தான் ஜுரமே வரும்." கையில் போடும் ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, அதனால் ஃப்ளூ வராது. வருகிற லேசான சூடு உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் தயார் செய்வதன் அடையாளம்.

"கோவிட் ஊசி போட்டாச்சே." அது வேறு வைரஸ்.

"போன வருஷம் போட்டேன்." சக்தி சில மாதங்களில் குறையும், வைரஸும் மாறியிருக்கும்.

"நூற்றுக்கு நூறு தடுக்காதாமே." உண்மைதான். வைரஸோடு நன்றாகப் பொருந்திய ஆண்டுகளிலேயே டாக்டரிடம் போகவைக்கும் ஃப்ளூவை 40 முதல் 60 சதவீதம்தான் குறைக்கிறது. ஆனால் மீறி வந்தாலும் நோய் முற்றுவது குறைகிறது.

"சாதாரண ஜுரம்தானே." 2009இல் பன்றிக் காய்ச்சல் என்று நாம் நடுங்கிய எச்1என்1தான் இன்று ஆண்டுதோறும் வரும் ஃப்ளூக்களில் ஒன்று. 2015இல் அது இந்தியாவில் 42,000 பேருக்கு மேல் உறுதிசெய்யப்பட்டது. ஏறத்தாழ 3,000 பேர் இறந்தார்கள்.

இளவயதில், நோய்நொடி இல்லாமல் தனியாக இருப்பவர் "எனக்கு வேண்டாம்" என்றால் அதில் பெரிய தப்பில்லை. அப்பா அம்மாவை ஊரிலிருந்து கூட்டிவந்து வைத்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. இன்றே போன் காலண்டரில் இரண்டு நினைவூட்டல் போடுங்கள்: ஏப்ரல் 15, "பெரியவர்களுக்கு ஊசி", செப்டம்பர் 20, "விட்டுப்போனவர்கள் யார்?" தீபாவளி டிக்கெட் பதிவு செய்கிற அதே நாளில் இரண்டாவதைச் சரிபார்த்துவிட்டால் வேலை முடிந்தது.